ஈசானிய மூலையில் நான்கடி

உங்களிடம் ஒன்று கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் பதில் சொல்லுங்கள். வெந்தயக்கீரை விதைத்தவர் நீங்கள். மண் உங்களுடையது, தண்ணீர் உங்களுடையது, பறித்துச் சப்பாத்திக்குள் வைத்துத் தின்னப் போவதும் நீங்கள்தான். பக்கத்து நிலத்துக் கோழி வந்து அதைக் கிளறாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது யார்? கோழி வளர்க்கிறவரா, கீரை வளர்க்கிற நீங்களா?

இரண்டு பேரும் என்பீர்கள். கனகவல்லியும் அதையேதான் சொன்னார். சொன்னதோடு நிற்காமல் தன் பங்கு வேலையை மூன்று நாள் குனிந்து செய்தும் முடித்தார். அதற்கு அவருக்குக் கிடைத்தது அரசு அலுவலகத்திலிருந்து ஒரு நோட்டீஸ். இருபத்து மூன்று கோழிகளையும் பதினைந்து நாளுக்குள் அப்புறப்படுத்த வேண்டும், தவறினால் அலுவலகமே வண்டி கொண்டுவந்து பிடித்துப் போகும் என்று அதில் எழுதியிருந்தது. அந்த இருபத்து மூன்று கோழிகளைத் தவிர கனகவல்லிக்கு வேறு பிழைப்புக் கிடையாது.

கனகவல்லிக்கு அறுபத்தொரு வயது. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு புனே பக்கத்துத் தளேகாவுக்கு வந்தவர். கணவர் ஆவுடையப்பன் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டினார். ஊரை விட்டுத் தள்ளி, ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், சோளக்காட்டு நடுவில் இரண்டு குண்டா, அதாவது ஐந்து சென்ட், நிலம் வாங்கினார்கள். பத்திரம் தன் பெயரில்தான் இருக்க வேண்டும் என்று கனகவல்லி பிடிவாதம் பிடித்தாராம். "அவிய நல்லவியதான். ஆனா நல்லவிய கையெழுத்துப் போட்டும் நெலம் போயிருக்குல்லா" என்று இன்றும் சொல்வார். ஆவுடையப்பன் நெஞ்சுவலியில் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. மகளுக்குக் கல்யாணமாகி நாசிக்கில் இருக்கிறாள்.

கனகவல்லி ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் பத்தொன்பது வருடம் சப்பாத்தி தேய்த்தார். கேன்டீன் ஒப்பந்தம் கை மாறியதும், புதிதாக வந்தவன் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்கள் எல்லோரையும் ஒரே காலையில் நிறுத்தினான். அன்று சாயங்காலம் வீட்டில் இருந்தவை நான்கு பெட்டைகளும் ஒரு சேவலும். அவற்றிலிருந்து தொடங்கினார். முதல் ஷிப்டுக்குப் போகும் தொழிலாளிகள் அவர் வாசலில் வண்டியை நிறுத்தி நாட்டுக்கோழி முட்டை வாங்கிப் போவார்கள். அவர்கள் அதைக் 'காவ்ரான்' என்பார்கள். கூட்டில் அடைத்துப் போட்டால் அது காவ்ரான் இல்லை. மஞ்சள் கரு வெளுத்துவிடும், வாங்குகிறவன் இரண்டாம் நாளே கண்டுபிடித்துவிடுவான். ஆகவே கோழி திரிய வேண்டும். காலையில் முட்டை இட்டு முடித்ததும் கூட்டைத் திறந்துவிட்டால் வெயில் சாயும்வரை அவை அவர் நிலத்திலும் ரயில் பாதை ஓரத்துப் புதரிலும் மேய்ந்து வரும்.

அவரைப் புனிதவதியாக்கிக் காட்டும் எண்ணம் எனக்கில்லை. வாய் மோசம். குப்பை வண்டிக்காரன் ஒருமுறை அவர் நிலத்தோரம் குப்பையைத் தள்ளியபோது, அந்தக் குப்பையை முறத்தில் அள்ளி அவன் உட்காரும் இடத்திலேயே கொட்டியவர். பக்கத்திலுள்ள எங்கள் அடுக்குமாடி சொசைட்டியின் கறிவேப்பிலையை மதிலுக்கு மேலே கைவிட்டு ஒடிப்பார். கேட்டால், "வேர் எந்தப் பக்கம் வந்து தண்ணி குடிக்கின்னு தோண்டிப் பாக்கலாமா?" என்று திருப்பிக் கேட்பார்.

எங்கள் சொசைட்டி முளைத்தது ஏழு வருடம் முன்னால். பெயர் வேண்டாம். பசுமைக்கும் ரத்தினத்துக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட வந்துவிடும். சென்னை, கோயம்புத்தூர் ஐடி குடும்பங்கள் கணிசமாக உண்டு. செகரட்டரி கல்யாணசுந்தரம் ஒரு வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர், புனேயில் முப்பத்து நான்கு வருடம். கட்டடத்தின் வடகிழக்கு மூலையில், கனகவல்லியின் நிலத்தை ஒட்டி, பன்னிரண்டு வீட்டுக்காரர்களுக்குப் பன்னிரண்டு பாத்தி பிரித்துக் காய்கறித் தோட்டம் போட்டது அவர் யோசனைதான். மேத்தி என்கிற வெந்தயக்கீரை, பாலக், கொத்தமல்லி, கத்தரி. நல்ல யோசனை. அதில் எனக்குச் சண்டை இல்லை.

புதிதாகக் கொத்தி ஈரம் காட்டிய மண்ணைக் கண்டால் கோழி சும்மா போகாது. முதல் வாரமே நான்கு பாத்தி காலி. கமிட்டி உடனே ஒரு வேலி போட்டது. இடுப்பளவு உயரம், பச்சை பெயின்ட், மேலே கை வைத்தால் வழுக்குகிற மாதிரி பளபளக்கும் குழாய். வேலி முடிந்த அன்று எல்லோரும் படம் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் படங்களில் ஒன்றில், பின்னணியில், குழாயின் மேல் மூன்று கோழிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

கனகவல்லி வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்தார். "என்ன சார், எங் கோழிக்கு சோபா போட்டுக் குடுத்திருக்கீய?"

"நக்கலா?" என்றார் கல்யாணசுந்தரம். "உன் கோழிய நீ கட்டிப் போடு. எல்லாம் சரியாப் போயிடும்."

"கோழியக் கட்டிப் போட அது என்ன எருமையா சார்? நாஞ் சொல்லுதத ஒரு நிமிசம் கேளுங்க. கோழி உசரத்தப் பாத்துப் பறக்காது. மேல காலு வைக்க எடம் இருக்கான்னு பாத்துட்டுத்தான் பறக்கும். அந்தக் கொழாய எடுத்துருங்க. கம்பி வலைய அஞ்சடிக்கு நிறுத்தி, மேல ஒரு சாண் தொளதொளன்னு விட்டுருங்க. ஆடுத எடத்துல அது உக்காராது. கீழ ஒரு முழத்த எம் பக்கமா மடக்கி மண்ணுக்குள்ள விட்டுட்டா, சீச்சாலும் கம்பிதான் தட்டும்."

"எனக்கு வேலி போட நீ பாடம் எடுக்காத."

தன்னைவிட ஒரு வயது மூத்த கனகவல்லியை அவர் 'நீ' என்கிறார். மூத்தவர் அவரை 'சார்' என்கிறார். இந்த விவகாரத்தில் யார் பேச்சு எடுபடும் என்பது அந்த இரண்டு சொற்களிலேயே தெரிந்துவிட்டது. தோட்டத்தில் ஒன்பதாம் பாத்திக்காரி தீப்தி மட்டும் இல்லையென்றால் பேச்சு அதோடு நின்றிருக்கும். தீப்தி இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், ஐடியில் வேலை. தமிழ் தட்டித் தடவி, ஆங்கிலமும் இந்தியும் கலந்துதான் வரும். ஆனால் கண் நன்றாகத் தெரியும்.

"அங்கிள், ஆண்ட்டி சொல்றது கரெக்ட். நான் வந்து, டூ டேஸா பாக்கறேன். கோழி அந்த பைப் மேலதான் ஜம்ப் பண்ணுது, ஃபிர்... அப்புறம் உள்ள வருது. பைப் இல்லன்னா எங்க ஜம்ப் பண்ணும்?"

கமிட்டியில் வேண்டாவெறுப்பாக ஒப்புக்கொண்டார்கள். கசார்வாடியில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் முரளி வந்து குழாயைக் கழற்றினான், வலை கட்டினான். கீழ் மடிப்புக் கனகவல்லியின் மண்ணில் அல்லவா புதைய வேண்டும்? அதை அவர் ஆள் வைக்காமல் தானே செய்தார். எண்பதடி நீளம். கடப்பாரையால் ஒரு சாண் பள்ளம் பறித்து, வலையை மடக்கி, மண் தள்ளி, மேலே ரயில் பாதையோரம் பொறுக்கிய கல்லை நெருக்கி வைத்தார். அதிகம் எம்புகிற நான்கு பெட்டைகளுக்கு ஒரு பக்கச் சிறகின் நுனியை மட்டும் கத்தரித்துவிட்டார். ஒரு பக்கம் குறைந்தால் பறக்கும்போது சாய்ந்துவிடும், தானாக அடங்கும்.

ஆகஸ்டில் வேலி முடிந்தது. ஏழு வாரம், ஒரு கோழி உள்ளே வரவில்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் வார முடிவில் சொசைட்டிக்குச் சோதனைக் காலம் வந்தது. போர்வெல் மோட்டார் எரிந்தது. இரண்டாம் கட்டடத்து லிஃப்ட் நின்றது. கல்யாணசுந்தரத்தின் மகனுக்குப் பார்த்த சம்பந்தம் தட்டிப் போனது. மோட்டார் எரிந்தால் மெக்கானிக்கை அழைப்பார்கள் என்று நினைப்பீர்கள். வாஸ்து நிபுணரை அழைத்தார்கள். அவர் கைபேசியில் திசைகாட்டியைப் பார்த்துக்கொண்டே தோட்டத்தைச் சுற்றி வந்து, வேலிக்கு முன்னால் நின்று நாக்கைத் தட்டினார். ஈசானிய மூலையை இரும்பு அடைத்து நிற்கிறதாம். மேற்கொண்டு வரவேண்டிய நல்லதெல்லாம் வேலிக்கு வெளியே காத்துக் கிடக்கிறதாம். நான்கடிக்கு வலையை வெட்டித் திறந்துவிட வேண்டும். திறந்த இடத்தில் அகலமான பித்தளை உருளியில் தண்ணீர் நிரப்பிப் பூ மிதக்கவிட வேண்டும். வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் கலந்த அரிசியை அதைச் சுற்றித் தூவ வேண்டும்.

கோழியைத் தடுக்கப் போட்ட வேலியில் வாசல் திறந்து, குடிக்கத் தண்ணீர் வைத்து, தின்ன அரிசியும் போடுகிறார்கள். எம்.டெக். படித்தவர்கள், வங்கி நடத்தியவர்கள், அமெரிக்காவுக்கு மென்பொருள் எழுதுகிறவர்கள் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் இது ஒருமனதாக நிறைவேறியது. தீப்தி அன்று ஊரில் இல்லை. நான் இருந்தேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று எழுந்து பேசியிருக்க வேண்டும்.

வெட்ட வந்த முரளிதான் பேசினான். "சார், இங்க நாலடி தொறந்துட்டா மீதி வேலி எதுக்கு சார்?"

"கமிட்டி ரிசல்யூஷன். நீ வெட்டுப்பா."

"அந்தப் பக்கம் கோழி மேயுது சார். அந்த அக்கா கீழ மண்ணெல்லாம் தோண்டி எவ்ளோ வேல பாத்திருக்கு."

"கோழிக்காகச் சாஸ்திரத்த மாத்த முடியுமா?"

முரளி குறடை எடுத்தான். "நான் போட்டத நானே பிரிக்கிறது இதான் மொத தடவ" என்று முணுமுணுத்துக்கொண்டே வெட்டினான்.

அது வெள்ளிக்கிழமை. மறுநாள் பதினோரு மணிக்குக் கோழிகள் வந்தன. அவை திருடர்களைப் போலப் பதுங்கியெல்லாம் வரவில்லை. உருளியில் அண்ணாந்து அண்ணாந்து தண்ணீர் குடித்தன, அரிசியை ஒன்றுவிடாமல் பொறுக்கின, பக்கத்திலேயே இருந்த முதல் பாத்தி மேத்தியில் இறங்கிச் சீய்க்கத் தொடங்கின. முதல் பாத்தி கல்யாணசுந்தரத்தின் வீட்டுடையது. அவர் மனைவி சரசா பால்கனியிலிருந்து கத்தினார். கனகவல்லி ஓடி வந்து நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் கொடுத்ததும் கோழிகள் அவர் பக்கம் திரும்பி ஓடின. கல்யாணசுந்தரம் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு இறங்கி வந்தார்.

"பாத்தியா? வேலி போட்டும் வருது. வேணும்னே பழக்கி அனுப்புற."

கனகவல்லி உருளியைப் பார்த்தார், வெட்டிய வலையைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். "ஏன் சார், வாசலத் தொறந்து, தண்ணி மொண்டு வச்சு, அரிசியும் போட்டு வச்சிருக்கீய. கோழி வராம பின்ன உங்க மகனுக்குப் பொண்ணு வீட்டுக்காரங்களா வருவாவ?"

"வாய அடக்கிப் பேசு! அது பூஜை எடம். அங்க வந்து உன் கோழி எச்சம் போட்டிருக்கு. நாங்கள்லாம் சுத்த சைவம், தெரியும்ல?"

"எங் கோழியும் உங்க வீட்ல மேத்திதான தின்னுது? அதுவும் சைவந்தான். இந்த நாலடிய அடைங்க, ஒண்ணு கூட வராது. இல்லன்னா நான் அடைக்கேன், கம்பி எங்கிட்ட கெடக்கு."

"அத ஒருத்தன் தொட்டான்னா நடக்கிறதே வேற."

அன்று சாயங்காலம் சொசைட்டியின் வாட்சாப் குழுவில் ஒரு புகார் மனு வந்தது. சுகாதாரக் கேடு, பறவைக் காய்ச்சல் அபாயம், குழந்தைகளின் பாதுகாப்பு. வேலியில் நான்கடி வெட்டியது பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஒப்புதல் தருகிறவர்கள் கட்டைவிரல் குறி போடச் சொன்னார்கள். எண்பத்து நான்கு கட்டைவிரல்கள் விழுந்தன. அவற்றில் ஒன்று என்னுடையது. மனு இரண்டு பக்கம், நான் முதல் வரியோடு நிறுத்திவிட்டுக் குறி போட்டேன். என்ன மனு என்று மறுவாரம் தெரிந்தபோது அது அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

டிசம்பரில் ஆய்வுக்கு ஒருவர் வந்தார். எந்த அலுவலகம், என்ன பெயர் என்பது இங்கே தேவையில்லை. இப்படிப்பட்டவர் எந்த அலுவலகத்திலும் இருப்பார். கனகவல்லி முப்பத்தாறு வருட மராத்தியில் அவரோடு பேசினார். கூட்டைக் காட்டினார். தினமும் எச்சத்தின் மேல் சுண்ணாம்பு தூவுவதைக் காட்டினார், தடுப்பூசி போட்ட சீட்டுகளைக் காட்டினார். மண்ணுக்குள் மடக்கிய வலையை ஒரு கல்லை நகர்த்திக் காட்டினார். கடைசியில் அந்த நான்கடிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்.

"சாகேப், இதை எழுதிக்கோங்க. இங்க வழி இருக்கு. இதை யார் வெட்டினது என்றும் எழுதிக்கோங்க."

அவர் பேனாவை எடுத்தார். உருளியையும் பூவையும் மஞ்சள் அரிசியையும் பார்த்தார். பேனாவைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றினார். குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "அம்மா, இது தெய்வ காரியம். இதுல நான் கை வைக்க முடியாது" என்றார்.

அவர் எழுதிய அறிக்கையின் நகல் என்னிடம் இருக்கிறது. 'வேலி அமைக்கப்பட்டுள்ளது. வேலியையும் மீறிப் பறவைகள் நுழைகின்றன.' இரண்டே வரி, இரண்டாவது பொய். அந்தப் பொய்யின் மேல்தான் நோட்டீஸ் நிற்கிறது. கண் முன்னால் நான்கடி ஓட்டை, அதை ஒரு அரசு ஊழியர் பார்க்கிறார். பக்தி வந்ததும் பார்வை போய்விடுகிறது. ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு குருடாவதற்கு இந்த நாட்டில் ஒரு உருளித் தண்ணீர் போதும்.

நோட்டீசுக்குப் பதில் மனுவைத் தீப்தி எழுதிக் கொடுத்தாள். அவள் கட்டைவிரல் அந்த எண்பத்து நான்கில் இல்லை. பதிலைப் பார்த்ததும் விசாரணைக்கு ஒரு தேதி கொடுத்தார்கள். அதுவரை கோழிகளைத் தொடமாட்டார்கள், அவ்வளவுதான்.

அந்த வாரம் நான் கனகவல்லியின் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொல்லிக்கொண்டாலும், போய் உட்கார்ந்ததும் வாய் வேறு எங்கோ போயிற்று. நோட்டீஸ் நீங்கினால் சிவப்புச் சேவலைச் சுடலைமாடனுக்கு விடுவதாக அவர் வேண்டிக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அவங்களுக்கு ஈசானியம், உங்களுக்குச் சுடலைமாடன். என்ன வித்தியாசம்?" என்றேன்.

அவர் முட்டைகளைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எஞ் சாமி அடுத்தவன் வேலியப் பிரிக்கச் சொல்லல சார். எஞ் சேவல, எங் காசுல, எம் வாசல்ல வச்சுக் கும்பிடுதேன். உங்களுக்கு அது பிடிக்கலன்னா வந்து கொழம்பு சாப்பிடாதீய. படிச்சவியதான நீங்க? அந்த மனுவப் படிச்சீயளா?"

சேவல் விஷயத்தில் அவரோடு எனக்கு இன்னும் உடன்பாடு இல்லை. ஆனால் தன் நம்பிக்கைக்கான விலையைத் தானே கொடுக்கிறவரையும், அதை அடுத்தவர் தலையில் கட்டுகிறவரையும் ஒரே தட்டில் வைத்தது என் தவறு.

ஜனவரியில், பொங்கல் கழிந்த மறுநாள், நல்ல மதிய வெயிலில் கனகவல்லி ஒரு துண்டு வலையையும் கட்டுக்கம்பியையும் எடுத்துக்கொண்டு தன் நிலத்தில் நின்றபடியே அந்த நான்கடியைக் கட்டினார். உருளியைத் தொடவில்லை. பூவைத் தொடவில்லை. காவலாளி கைபேசியில் படம் எடுத்தான். "எடுடா ராசா, மொகம் தெரியுதா?" என்று மராத்தியில் கேட்டுவிட்டுக் கடைசி முடிச்சை முறுக்கினார். மொத்தம் ஆறு நிமிடம்.

கல்யாணசுந்தரம் அப்போது மகனைப் பார்க்கப் பெங்களூர் போயிருந்தார். திரும்பி வர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் வலை இருந்தது. ஒன்பது நாளும் ஒரு கோழி உள்ளே வரவில்லை. குளிர்காலத்து மேத்தி தளதளவென்று எழுந்து நின்றது. பன்னிரண்டு வீட்டிலும் பறித்துச் சமைத்தார்கள்.

பள்ளிக்கூடத்துச் சோதனைச்சாலையில் இதைத்தானே கற்றுக்கொடுத்தார்கள்? அடைத்தபோது கோழி வரவில்லை. திறந்தபோது வந்தது. மறுபடி அடைத்தபோது வரவில்லை. காரணத்தை இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது? இன்னொரு விஷயம், அந்த ஒன்பது நாளில் மோட்டார் எரியவில்லை, லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பத்தாம் நாள் காவல் சௌகியில் புகார் போயிற்று. அத்துமீறல், மத உணர்வைப் புண்படுத்துதல். அறுபத்தொரு வயதுப் பெண்ணைக் காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் நான்குவரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தீப்தியும் நானும் போயிருந்தோம். கல்யாணசுந்தரமும் வந்திருந்தார்.

"உள்ள நுழைஞ்சது தப்புன்னு எழுதிக் குடுத்துட்டுப் போ. நான் கேஸ வாபஸ் வாங்கிக்கிறேன்" என்றார், பெரிய மனது பண்ணுகிறவர் போல.

"எங் காலு உள்ள வரல சார். என் நெலத்துல நின்னு கைய மட்டும் நீட்டிக் கட்டுனேன். நீங்க தொறந்து வச்ச ஓட்டைய அடைச்சதுக்கு நான் மன்னிப்புக் கேக்கணுமா?"

"அப்ப கோழிய இழந்துட்டுப் போ."

"ஆண்ட்டி மேல கேஸ் போட்டா நான் விட்னஸ் வருவேன் அங்கிள்" என்றாள் தீப்தி. "நயன் டேஸ் எல்லாரும் மேத்தி சாப்டீங்க. சரசா ஆண்ட்டி எனக்கே ஒரு கட்டு குடுத்தாங்க. யாத் ஹை நா, ஞாபகம் இருக்குல்ல?"

கல்யாணசுந்தரம் எழுந்து வெளியே போனார். கனகவல்லி எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. கடைசியில் எச்சரித்து அனுப்பிவிட்டார்கள்.

அவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதே பகலில் வலையை வெட்டி எறிந்துவிட்டு, மந்திரம் சொல்லி அந்த இடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். உருளிக்குப் புதுத் தண்ணீர். மறுநாள் கோழிகள் மீண்டும் வந்தன. இந்த முறை காவலாளிக்கு வேறு உத்தரவு இருந்தது. அவன் வீசிய கம்பு ஒரு சாம்பல் நிறப் பெட்டையின் கழுத்தில் விழுந்தது. பதினோரு குஞ்சு பொரித்து இறக்கிய பெட்டை, உருளி ஓரத்திலேயே துடித்துச் செத்தது. ரத்தம் பித்தளையில் தெறித்திருந்தது. கோழி எச்சத்தால் தீட்டுப்படுகிற ஈசானியம் அன்று தீட்டுப்பட்டதாக ஒருவரும் சொல்லவில்லை. சுத்த சைவர்கள் பால்கனியில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போனார்கள்.

கனகவல்லி வந்தார். பெட்டையைத் தூக்கி முந்தானையில் வைத்துக்கொண்டார். காவலாளி தலையைக் குனிந்தான். "ஒன்ன வச்சு அடிக்காவ. ஒங்கிட்ட எனக்குப் பேச்சு இல்ல" என்று அவனிடம் சொல்லிவிட்டு, மேலே பால்கனிகளைப் பார்த்து உரக்கக் கேட்டார்: "யாராவது ஒருத்தர், அந்த ஓட்டை இருக்குன்னு வாயத் தொறந்து சொல்லுவீயளா? ஒருத்தர்?"

ஐம்பது பால்கனி. எல்லாம் தமிழும் மராத்தியும் இந்தியும் தெரிந்த வாய்கள். ஒன்றும் திறக்கவில்லை. நான்காம் மாடியில் ஒருவர் கதவைச் சாத்தும் சத்தம் மட்டும் கேட்டது. அந்தப் பதினோரு குஞ்சுகளை இப்போது அவர் அடுப்படியில் பெட்டிக்குள் வைத்து, குண்டு பல்பு எரியவிட்டுக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்.

விசாரணை வருகிற புதன்கிழமை. சொசைட்டித் தரப்பில் ஆய்வாளரின் இரண்டு வரி அறிக்கையும் எண்பத்து நான்கு கட்டைவிரல்களும் போகின்றன. கனகவல்லித் தரப்பில் தீப்தி எழுதிய ஒரு கடிதம், நான் எழுதிய ஒரு கடிதம், முரளி பட்டறையிலிருந்து அனுப்பிய ஒரு தாள். 'வேலியை வெட்டியது நான், வெட்டச் சொன்னது கமிட்டி' என்று தன் கோணல் எழுத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். சொசைட்டி வேலை இனி தனக்கு வராது என்று தெரிந்தேதான் எழுதினான். மூன்று தாள் போதாது. ஓட்டை திறந்திருந்த நாளையும் அடைந்திருந்த நாளையும் கண்ணால் பார்த்தவர்கள் சொன்னால்தான் அந்த இரண்டு வரிப் பொய் விழும். விழாவிட்டால் வியாழக்கிழமை வண்டி வரும்.

இந்த இதழ் எங்கள் சொசைட்டியில் முப்பது வீட்டுக்காவது வருகிறது. பாத்தி வைத்திருக்கும் பன்னிரண்டு வீட்டில் ஏழு வீடு தமிழ் வீடு. உங்களைத்தான் சொல்கிறேன். வழக்கு வேண்டாம், சாட்சிக் கூண்டு வேண்டாம், கல்யாணசுந்தரத்தோடு சண்டைகூட வேண்டாம். ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். உங்கள் பாத்தி எண்ணை எழுதுங்கள். ஜனவரியில் வலை கட்டியிருந்த அந்த ஒன்பது நாளில் உங்கள் கீரையில் கோழி இறங்கியதா இல்லையா என்று, நீங்கள் பார்த்தது எதுவோ அதை, எந்த மொழியில் வருகிறதோ அதில் எழுதுங்கள். கட்டைவிரல் போதாது, பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். செவ்வாய்க்கிழமை இருட்டுவதற்குள் பின்பக்கத்து வழியாக நடந்துபோய் அந்தத் தாளைக் கனகவல்லியின் கையில் கொடுங்கள்.